மாற்றுச் சாவி இருந்தால் உள்ளே வரலாமா?

கேள்வி: அம்பத்தூரில் மாடி போர்ஷனில் குடியிருக்கிறோம். கீழே வீட்டு ஓனர். நானும் கணவரும் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போன பிறகு, மாற்றுச் சாவி போட்டு உள்ளே போய்வருகிறார். கேட்டால், "குழாய் ஒழுகுதான்னு பார்த்தேம்மா" என்கிறார். நல்ல மனிதர்தான். சொல்லிவிட்டு வரச் சொல்லலாமா? அவர் வீடாயிற்றே!
- ஒரு வாசகி

பதில்: தாராளமாகச் சொல்லலாம், அம்மா. உங்களைத் தயங்க வைப்பது அந்தக் கடைசி வரிதான். ஆவடி, பூந்தமல்லிப் பக்கமும் குடித்தனக்காரர்கள் பலருக்கு இதே நினைப்பு.

வீடு அவருடையதுதான். ஆனால் வாடகைக்கு விட்டபோது, அதை அனுபவிக்கும் உரிமையை உங்களுக்குக் கொடுத்துவிட்டார். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் குத்தகை என்பதற்குத் தரும் பொருளே அதுதான். சுவாதீனம், அதாவது இடம் கைவசம் இருக்கும் நிலை, இப்போது உங்களுடையது. வாடகையைச் சரியாகக் கொடுக்கும்வரை நீங்கள் இடையூறு இல்லாமல் இருக்கலாம் என்கிறது அதே சட்டம். சாவி அவரிடம் இருப்பதால் இது மாறிவிடாது.

அதற்காக அவரை வரவே கூடாது என்றும் சொல்ல முடியாது. நியாயமான நேரத்தில் வந்து வீட்டின் நிலையைப் பார்க்க விடவேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. எது நியாயமான நேரம் என்று மட்டும் அது சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் இத்தனை காலம் மனக்கசப்பு வளர்ந்தது.

வாடகைதாரர், உரிமையாளர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தத் தமிழ்நாடு 2017-இல் இயற்றிய சட்டம் அந்த இடைவெளியை அடைத்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பழுதுபார்க்கவோ, வீடு குடியிருக்கத் தக்கதாக இருக்கிறதா என்று பார்க்கவோ வருவதானாலும், 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காரணம், நாள், நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஆக, உங்கள் ஓனர் சொல்லும் காரணம் சரியானதே, முன்னறிவிப்புதான் இல்லை. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் மின்னணு வழித் தகவலையும் ஏற்கிறது, இருட்டிய பிறகு நுழைவதைத் தடுக்கிறது, வெள்ளம், தீ போன்ற அவசரங்களுக்கு விலக்கும் தருகிறது. மாதிரி என்பதால், மாநிலம் ஏற்றால்தான் செல்லும்.

நல்ல மனிதர் என்கிறீர்களே, நேரிலேயே பேசுங்கள். முதல் நாளே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இதையும் எழுத்தில் சேர்த்துவிடுங்கள். பதினோரு மாத ஒப்பந்தம்தானே என்று விடாமல், வாடகை அதிகாரியிடம், அதாவது இதற்கென நியமிக்கப்பட்ட துணை ஆட்சியர் நிலை அலுவலரிடம், பதிந்துகொள்ளுங்கள். கோபத்தில் அவர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், அந்தப் புகாரை விசாரிப்பவரும் அந்த அதிகாரிதான்.