கல்லா யார் கையில், கணக்கு யார் கையில்

சென்னை தியாகராய நகரிலோ மதுரையிலோ ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குள் போனால், புடவையை விரித்துக் காட்டுபவர் பணம் வாங்க மாட்டார். பில் ஓரிடத்தில் போடுவார்கள், பணம் இன்னொரு கவுன்ட்டரில் கட்ட வேண்டும். பில்லில் விழுந்த முத்திரையைப் பார்த்த பிறகே மூன்றாவது இடத்தில் பை கைக்கு வரும். வாங்க வந்தவருக்கு இது அலைச்சல்தான். கடைக்கோ காவல். சரக்கைத் தொடுபவர், பணத்தைத் தொடுபவர், சரக்கை வெளியே விடுபவர் என்று மூவரும் வேறு வேறு ஆட்கள். ஒருவர் தனியாக எதையும் மறைக்க முடியாது.

இரண்டு பேர் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் இதை அப்படியே செய்ய வழியில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கல்லாவில் உட்காருபவரே கணக்கையும் எழுதுகிறாரா? ஆமென்றால் அதை மாற்றிவிட்டு மற்றதைப் பேசலாம். கேமரா வாங்குவதும் மெஷின் வாங்குவதும் அதற்கு அப்புறம்.

ஆள் குறைவான கடையில் இரண்டு வழிகள் உண்டு. முதலாளி கல்லாவில் உட்கார்ந்துகொண்டு கணக்கைப் பகுதி நேரக் கணக்கரிடம் விடலாம். அல்லது ஊழியரைக் கல்லாவில் வைத்துவிட்டுக் கணக்கைத் தானே பார்க்கலாம். முதல் வழியில் திருட்டுப் பயம் குறைவு. ஆனால் வீட்டுக் காய்கறிக்கு, பிள்ளையின் ஃபீஸுக்கு, மொய்க்கு என்று முதலாளியே எழுதாமல் எடுத்துவிடுவார். மாதக் கடைசியில் லாபம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இந்த வழியை எடுப்பவர்கள் வீட்டுக்கென்று மாதம் ஒரு தொகையைப் பேங்க் வழியாக மட்டும் எடுக்கும் பழக்கத்துக்கு வர வேண்டும். இரண்டாம் வழியில் ராத்திரி இருப்பு எண்ணுவது, பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்ப்பது, செக்கில் கையெழுத்திடுவது மூன்றையும் முதலாளி வேறு யாரிடமும் தரக் கூடாது. ஊருக்குப் போகிறேன் என்று வெறும் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவது, எத்தனை நம்பிக்கையான ஆளாக இருந்தாலும், அவருக்கும் நல்லதல்ல. நாளைக்கு ஏதாவது குறைந்தால் சந்தேகம் அவர் மேல்தான் விழும்.

எனக்கு இரண்டாவது வழிதான் மேல். கடையை விட்டு ஒரு மணி நேரம் நகரவே முடியாத முதலாளியால் கடையை வளர்க்க முடியாது.

அடுத்தது பில். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, ஊழியர்கள் வசூலைச் சட்டைப்பைக்குள் போடுவதைத் தாங்க முடியாமல், சகோதரர் ஜானோடு சேர்ந்து ஒரு கருவி செய்து 1879இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய பில்லிங் மெஷினின் மூதாதை அதுதான். முதலில் அதில் பணப்பெட்டியே கிடையாது. கடிகாரம் போன்ற ஒரு வட்டத் தட்டில் தொகை எல்லோர் கண்ணிலும் படும்படி தெரியும், அவ்வளவே. வாங்க வந்தவரைச் சாட்சியாக்கியதுதான் அதன் பலம். இன்றும் மெஷின் வாங்கினால் தொகை காட்டும் திரை வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

நாளைக்கு இருபது, முப்பது பில் போடும் ஹார்ட்வேர் கடைக்கு வரிசை எண் அச்சடித்த, கார்பன் வைத்த பில் புத்தகமே போதும். புத்தகங்களை முதலாளி பூட்டி வைத்து, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு எண் காணாமல் போனால் அதற்கு விளக்கம் வேண்டும். கூட்டம் நிற்கும் கடைக்கு மெஷின் அல்லது கம்ப்யூட்டர். அங்கே ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. வாடிக்கையாளர் பணம் கொடுத்துப் போன பிறகு பில்லை ‘கேன்சல்’ செய்து அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டால் மெஷின் கணக்கும் கல்லாவும் கச்சிதமாக ஒத்துப்போகும். கேன்சல் செய்யும் பாஸ்வேர்டு முதலாளியிடம் மட்டும் இருக்கட்டும். கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவு அழியாமல் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்குச் சட்டப்படியே கட்டாயம். தனிநபர் கடைகளை அது கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அந்த வசதியைப் போட்டுவைப்பதில் நஷ்டமில்லை.

சில்லறைச் செலவுக்கு மூன்று பழக்கங்கள் இருக்கின்றன. டீ, ஆட்டோ, கூரியர் என்று வரும்போதெல்லாம் கல்லாவிலிருந்து எடுப்பது மிக மோசமானது, வசூலும் செலவும் கலந்துவிடும். முன்பணம் கொடுத்துப் பிறகு கணக்குக் கேட்பது பரவாயில்லை. ஆனால் பழைய கணக்கு முடியுமுன் புது முன்பணம் போய்ச் சேரும். மூன்றாவது, ஒரு நிலையான தொகையைத் தனிப் பெட்டியில் ஒருவர் பொறுப்பில் வைப்பது. 3,000 ரூபாய் வைத்தீர்கள் என்றால், எந்த நேரம் திறந்தாலும் பணமும் வவுச்சரும் சேர்ந்து 3,000 இருக்க வேண்டும். 1,150 ரொக்கம் இருந்தால் வவுச்சர் 1,850க்கு இருக்கும். தீரும்போது வவுச்சரை வாங்கிக்கொண்டு அதே 1,850ஐ நிரப்ப வேண்டும். வாங்கிய வவுச்சரில் ‘பணம் கொடுத்தாயிற்று’ என்று குறுக்கே எழுதிவிடுங்கள், அது மறுபடி வராது. பெரிய செலவு இந்தப் பெட்டிக்குள் வரவே கூடாது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொழில் செலவைப் பொதுவாக வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது.

வசூலை அப்படியே பேங்கில் கட்டுவதா, அதிலிருந்து சப்ளையருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டுவதா? நம் ஊரில் இரண்டாவதுதான் வழக்கம். முதலாவதுக்கு மாறிவிடுங்கள். அன்றைய வசூலும் பேங்கில் கட்டிய தொகையும் ஒன்றாக இருந்தால் ஸ்டேட்மென்ட்டை ஒரு பார்வை பார்த்தாலே போதும்.

ஊர் ஊராகப் போய் லைன் வசூல் செய்யும் ஏஜென்சிகளுக்குத் தனியாக ஒரு ஆபத்து உண்டு. திங்கட்கிழமை ஒரு கடையில் வாங்கிய பணத்தை வசூலிப்பவர் செலவழித்துவிட்டு, புதன்கிழமை வேறு கடையில் வாங்கியதை முதல் கடையின் கணக்கில் வரவு வைப்பார். பாக்கி நகர்ந்துகொண்டே போகும், எழுத்தில் எல்லாம் சரியாக இருக்கும். கடைக்காரர்கள் ஏஜென்சியின் க்யூஆர் கோடுக்கே பணம் அனுப்பினால் இது பெரும்பாலும் நின்றுவிடும். ரொக்கம்தான் என்றால், மாதா மாதம் ஒவ்வொரு கடைக்கும் பாக்கித் தொகையை ஆபீஸிலிருந்தே மெசேஜ் அனுப்புங்கள். வசூலிப்பவருக்கு வருடத்தில் ஒரு முறையாவது ஒரு வாரம் விடுப்புக் கொடுத்து, அந்த லைனுக்கு வேறு ஆளை அனுப்புங்கள்.

யூபிஐ வந்ததால் கல்லா இளைத்திருக்கிறது, வேலை குறையவில்லை. வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் பணம் அல்ல, சவுண்ட் பாக்ஸ் சொன்னால்தான் பணம். கவுன்ட்டரில் ஒட்டிய க்யூஆர் கடையின் கணக்குக்குத்தான் போகிறதா என்று காலையில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிடலாம்.

இனி எல்லோரும் தப்பாகச் செய்யும் ஒன்று. ராத்திரி 140 ரூபாய் குறைந்தால் கேஷியர் சம்பளத்தில் பிடிப்பதா, ‘ரொக்கக் குறை’ என்று எழுதி விட்டுவிடுவதா? பிடிப்பதுதான் கண்டிப்பு என்று நினைக்கிறோம். பிடிக்க ஆரம்பித்தால் கேஷியர் என்ன செய்வார்? பணம் கூடுகிற நாளில் சொல்லாமல் எடுத்து வைத்து, குறைகிற நாளில் போட்டுச் சரிக்கட்டுவார். அதற்குப் பிறகு கல்லா தினமும் பைசா பிசகாமல் இருக்கும், அதிலிருந்து உங்களுக்கு எதுவும் தெரியவராது. கூடுதலாக இருப்பதும் கோளாறுதான்: யாருக்கோ சில்லறை குறைவாகப் போயிருக்கிறது, அல்லது பில் போடாமல் சரக்குப் போயிருக்கிறது. குறையையும் மிகையையும் தேதி, ஆள் வாரியாக எழுதிவைத்தால் மூன்று மாதத்தில் ஒரு உருவம் தெரியும். எப்போதும் ஒருவர் பொறுப்பில்தான் குறைகிறது என்றால் அப்போது பேசலாம். சட்டமும், ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை மட்டுமே, அதுவும் அவர் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே, சம்பளத்தில் பிடிக்க அனுமதிக்கிறது. பத்து மணி நேரம் நின்று நூற்றுக்கணக்கானவருக்குச் சில்லறை கொடுக்கும் ஒருவருக்குச் சிறு தவறு நேரத்தான் செய்யும்.

ஆடிட்டர் வருடம் ஒரு முறை வருவார், போன மாதத்துக் கல்லாவை அவரால் எண்ண முடியாது. ஆகவே மாதத்தில் ஏதாவது ஒரு நாள், கடை மூடும் நேரத்தில் இல்லாமல் நடுப்பகலில், சொல்லாமல் எண்ணுங்கள். பொறுப்பாளர் கையாலேயே அவர் எதிரில் எண்ண வைத்து, 500, 200, 100 என்று நோட்டு வாரியாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கல்லா, செலவுப் பெட்டி, லைன் வசூல் பை மூன்றையும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக விட்டு விட்டு எண்ணினால், ஒரு பெட்டியின் பணம் அடுத்ததற்கு நகர்ந்து மூன்றுமே சரி என்று காட்டிவிடும்.