சிகிச்சை முடிந்து இல்லம் திரும்பிய தாய்மார்

மார்பகப் புற்றுநோய் கண்ட ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். அறுவைச் சிகிச்சை, மருந்தேற்றல், கதிர்வீச்சு ஆகிய மூன்றையும் பல மாதங்கள் தாங்கிக்கொண்டு அவர் தோட்டத்திற்குத் திரும்புகிறார். லயத்து மக்கள் வந்து பார்த்து, எல்லாம் முடிந்ததென்று மகிழ்கின்றனர். அன்றிரவு அவருக்கு மட்டும் உறக்கம் வரவில்லை. ஏன்?

சிகிச்சை நடைபெறும் காலத்தில் அடுத்த தேதி எப்போதும் கையில் இருந்தது. தாதியரும் மருத்துவரும் கண்காணித்து வந்தனர். அந்த ஓட்டம் நின்றபின்தான், அதுவரை அடங்கியிருந்த அச்சம் தலைதூக்குகிறது. முதுகு வலித்தால், 'மீண்டும் வந்துவிட்டதோ?' என்று நெஞ்சம் பதைக்கிறது. இது கோழைத்தனமன்று, சிகிச்சை முடித்தோர் பலருக்கும் நேர்வதே. நாள் செல்லச்செல்ல இவ்வச்சம் பெரும்பாலும் தணியும்; பரிசோதனை நெருங்கும்போது மறுபடியும் எழலாம். எனினும் புதிய கட்டி, விடாத வலி, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், குறித்த தேதி வரட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் துயரம் நீங்காது, உணவும் உறக்கமும் கெடுமாயின், அதனையும் மருத்துவரிடம் கூறலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

களைப்பைப் பற்றியும் வீட்டார் அறிந்திருத்தல் நலம். ஓய்வெடுத்தாலும் நீங்காத இக்களைப்பு, சிகிச்சை முடிந்து பல மாதங்கள் நீடிக்கலாம். அதனைச் சோம்பல் என்று பழிப்பது பெருந்தவறு. நாள்தோறும் சிறிது தூரம் நடந்து, அதைப் படிப்படியாகக் கூட்டுவது பலன் தரும்.

பால்மரம் சீவும் தாய்மார் கையைக் குறித்து மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். அக்குளிலுள்ள நிணக் கணுக்களை அகற்றியிருந்தால், அப்பக்கத்துக் கையில் நீர் சரிவர வடியாமல் வீக்கம் உண்டாகலாம். ஆண்டுகள் கழித்தும் இது தோன்றக்கூடும். அத்தகைய கையில் உளி பட்ட சிறு காயம், முட்கீறல், கொசுக்கடி ஆகியவை வழியே கிருமி புகுந்தால் தொல்லை பெரிதாகும். ஆதலின் நிரையில் இறங்குமுன் நீண்ட கைச்சட்டையும் கையுறையும் அணிக. காயத்தை உடனே சோப்பிட்டுக் கழுவுக. கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் கண்டால் அன்றைக்கே மருத்துவமனை செல்க. கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறுதான். கற்பித்த பயிற்சிகளைச் செய்துவர வேண்டும். பால் வாளி தூக்குவதை மருத்துவரிடம் கேட்டுச் சிறுகச்சிறுகத் தொடங்கலாம். இலகுவான வேலை தேவையெனில், மருத்துவரின் கடிதத்தைப் பெற்றுக் கிராணியாரிடம் கொடுத்துக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சிலருக்குத் தமோக்சிபென் என்னும் மாத்திரை தரப்படுகிறது. ஐந்து ஆண்டுகள், சிலர் பத்து ஆண்டுகள் வரை, நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். திடீரென உடல் கொதிப்பதும் வியர்ப்பதும் இதனால் நேரலாம். "நலமாகத்தானே இருக்கிறோம்" என்று தாமாகவே நிறுத்திவிடுவோர் உள்ளனர். தொல்லையை மருத்துவரிடம் சொல்லி வழி தேடலாமேயன்றி, நிறுத்தலாகாது.

இனிக் கணவன்மாருக்கு ஒரு சொல். இதனை ஏட்டில் எழுதலாமா என்று தயங்குவோர் உண்டு, நாம் தயங்கவில்லை. மார்பை இழந்த மனைவி தழும்பை மறைத்து இருளில் உடை மாற்றுகிறார். அவருக்கு நோகும் என்று கருதிக் கணவர் பாயைத் தள்ளிப் போடுகிறார். தம்மை வெறுத்துவிட்டார் என்று மனைவி எண்ணுகிறார். இருவரும் வாய் திறப்பதில்லை! புற்றுநோய் தொற்றுநோயன்று. தட்டிலோ, துணியிலோ, படுக்கையிலோ அது ஒட்டாது. கணவரே முதலில் பேசட்டும்.

இந்நோயைத் தாமே கண்டு மீண்ட பெண்களிடம் பேசுவதும் பலருக்கு ஆறுதல் அளிக்கிறது. 1986இல் தொடங்கப்பெற்ற மலேசிய மார்பகப் புற்றுநோய் நலச் சங்கத்தில் அத்தகைய தொண்டர்கள் உள்ளனர்.

சிகிச்சைக்குப் பின்னுள்ள முதல் சில ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் இடைவெளி கூட்டியும் பரிசோதனை நடைபெறுவது வழக்கம். மார்பக எக்ஸ்ரே பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை எடுக்கப்படும். முதல் நாள் இரவில் அவர் சமையற்கட்டில் ஓசையின்றி நின்றுகொண்டிருந்தால், வீட்டார் காரணம் கேட்க வேண்டியதில்லை. மறுநாள் ஒருவர் விடுப்பெடுத்து உடன் செல்லலாம்.