சோதிக்க முடியாத சொல்லுக்குப் பொருள் உண்டா?



"சர்வேசுரன் நம்மை நேசிக்கிறார் என்கிறீர்களே, அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? சோதிக்க முடியாவிட்டால் அந்த வாக்கியத்துக்குப் பொருள்தான் என்ன?" கல்லூரியில் படிக்கும் பிள்ளை இப்படிக் கேட்டால் பெற்றோர் திகைக்கிறார்கள். சிலர் அதட்டி அனுப்பிவிடுகிறார்கள். அதட்ட வேண்டாம். பெரிய சாஸ்திரிகள் கேட்ட கேள்வி அது.

ஏ. ஜே. ஏயர் என்னும் ஆங்கிலேயர் 1936-ஆம் ஆண்டு, தம் இருபத்தைந்தாம் வயதில், ஒரு நூல் வெளியிட்டார். ஒரு வாக்கியம் கணக்கைப் போலத் தன் சொற்பொருளாலேயே மெய்யாக இருக்க வேண்டும். அல்லது ஐம்புலன்களைக் கொண்டு சோதிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். இரண்டும் அல்லாதது உண்மையுமன்று, பொய்யுமன்று என்பது அவர் வகுத்த விதி. அவ்விதிப்படி "கடவுள் இல்லை" என்பதும் பொருளற்ற பேச்சே. நாஸ்திகர் இதை அதிகம் விளம்பரம் செய்வதில்லை! நிற்க. அந்த விதியையே எந்தப் புலனால் சோதிப்பது? 1946-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், அதை ஒரு வரையறையாகவே முன்வைப்பதாக ஏயர் எழுதினார். வரையறைதான் என்றால், ஏற்காதிருக்க நமக்கும் உரிமை உண்டு.

இதைவிடக் கடினமான கேள்வியை 1950-இல் ஆன்றனி ஃப்ளூ எழுப்பினார். காட்டின் நடுவே ஒரு வெட்டவெளி. பூவும் உண்டு, களையும் உண்டு. இங்கே தோட்டக்காரன் ஒருவன் வருகிறான் என்கிறான் ஒருவன். கூட வந்தவன் மறுக்கிறான். காவல் இருக்கிறார்கள், மின்சார வேலி போடுகிறார்கள், மோப்ப நாய்களை விடுகிறார்கள். யாரும் அகப்படவில்லை. முதலாமவனோ, "தோட்டக்காரன் கண்ணுக்குத் தெரியாதவன், வேலி தாக்காதவன், வாசனையற்றவன்" என்று சொல்லிக்கொண்டே போகிறான். அப்படியானால் அவனுக்கும் இல்லாத தோட்டக்காரனுக்கும் என்ன வேற்றுமை?

ஃப்ளூ இன்னொன்றும் கேட்டார். தொண்டைப் புற்றுநோயால் ஒரு குழந்தை சாகக் கிடக்கிறது. பெற்ற தகப்பன் பதறித் துடிக்கிறான். பரலோகத் தந்தையிடமிருந்து ஓர் அடையாளமும் காணோம். எது நடந்தாலும் "அவர் நேசிக்கிறார்" என்றே சொல்வீர்களானால், அச்சொல் எதைத்தான் சொல்கிறது?

இக்கேள்வியில் நியாயம் உண்டு. துக்க வீட்டில், உடல் எடுக்குமுன்னே, "எல்லாம் நன்மைக்கே" என்று எளிதாகச் சொல்லிவிட்டு வருகிறோமே, அந்தப் பேச்சை இக்கேள்வி சரியாகப் பிடிக்கிறது. யோபுவின் நண்பர்களும் இப்படித்தான். எந்தத் துன்பத்துக்கும் அவர்களிடம் ஆயத்தமான விளக்கம் இருந்தது. யோபுவோ தன் வேதனையைச் சர்வேசுரனுக்கு விரோதமான வழக்காகவே கொண்டுபோனான். ஆனாலும் அவரை விட்டுப் போகவில்லை. முடிவில் ஆண்டவர் கோபித்தது யோபுவை அன்று, அந்த நண்பர்களை. குழந்தையின் வேதனை நம் விசுவாசத்துக்கு எதிராக நிற்கும் சாட்சி என்று ஒப்புக்கொள்ளலாம். அதைக் கேட்டபின்னும் ஒருவரை நம்பலாம். அது வெறும் சொல்லைப் பற்றிக்கொண்டிருப்பது அன்று.

மேலும், நம் விசுவாச மந்திரத்தில் போஞ்சு பிலாத்துவின் பெயர் ஏன் வருகிறது? அவன் கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோமை அதிகாரி. 1961-இல் செசரேயாவில் அவன் பெயர் பொறித்த கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அந்தக் கல் உத்தானத்தை நிரூபிக்காது. அப்படிச் சொல்லித் திரியவும் வேண்டாம். நம் விசுவாசம் காலமும் இடமும் குறித்துப் பேசுகிறது என்பதற்கே அதைக் காட்டுகிறேன். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் அர்ச். சின்னப்பர், கிறிஸ்துநாதர் உயிர்த்தெழவில்லையானால் நம் விசுவாசம் வீண் என்று தாமே எழுதி வைத்தார். எது பொய்யானால் எல்லாம் பொய்யாகும் என்று கேட்ட ஃப்ளூவுக்கு, ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்ட பதில் அது.

ஃப்ளூ 2004-இல் கடவுள் ஒருவர் உண்டு என்று ஒப்புக்கொண்டார், ஆயினும் கிறிஸ்தவராகவில்லை. 2010-இல் காலமானார். அதை நம் வெற்றியாகக் கொண்டாடுவது அழகன்று.

இந்த வாரம் யோபு ஆகமத்தின் கடைசி அதிகாரத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள். மனிதத் தகப்பனுக்கு வழங்கும் "தந்தை" என்ற சொல்லைச் சர்வேசுரனுக்கு எவ்விதம் வழங்கலாம் என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் விளக்கியதை அடுத்த ஞாயிறு பார்ப்போம்.