வீட்டுச் செலவில் சிக்கனம்

சிக்கனத்தைப் பற்றி எழுதப் புகும்போதே ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துவிட வேண்டியிருக்கிறது. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்வதனால்தான் நம்மில் பலர், "கணக்குப் பார்த்தா பிள்ளைகளுக்குச் செய்வது?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெயரால் வீண் விரயத்தையும் சேர்த்து நடத்திவிடுகின்றனர். கொடுக்க வேண்டிய இடத்தில் கையை இறுக்கிக் கொள்வது கஞ்சத்தனம். தேவையில்லாத இடத்தில் இறுக்கிக் கொள்வது சிக்கனம். ஓடுகின்ற ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று சிறுவயதில் நமக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாதுமார்கள் சொல்லுவார்கள். ஆற்றுத் தண்ணீருக்கு விலை ஏது? விலையில்லாத பொருளிலேயே அவ்வளவு கவனம் வேண்டுமென்றால், வியர்வை சிந்திச் சம்பாதித்த காசில் எவ்வளவு வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

இதிலே அடங்கியிருக்கும் அபாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குடும்பச் செலவு வரவை மிஞ்சும்போது முதலில் வீட்டைவிட்டு வெளியேறுவது பெண்களின் நகை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு வளையல். பெருநாள் வரும்போது ஒரு சங்கிலி. வட்டி வாங்குவது ஹராம் என்பதில் மலைபோல் உறுதியாய் நிற்கிறவர்களும் மாதந்தோறும் அடகுக் கடையில் வட்டி கட்டிக் கொண்டிருப்பதை நாம் பார்க்கிறோம். மருத்துவச் செலவுக்காகவோ, வேலை போனதற்காகவோ அந்நிலைக்கு வந்தவர்களைப் பற்றி நாம் பேசவில்லை. அல்லாஹ் அவர்களுடைய சிரமத்தை இலேசாக்குவானாக. வடைக்கும் மட்டைக்கும் வட்டி கட்டுகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். அவர்களில் ஒரு காலத்தில் நாமும் இருந்தோம்.

நம் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம். மூத்த மகனுக்கு அப்போது பதினோரு வயது. பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் அணியில் சேர்த்துக் கொண்டார்கள் என்று ஓடிவந்தான். பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு பர்ஸைப் பார்க்கத் தோன்றவில்லை. கடையில் இங்கிலீஷ் வில்லோ மட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். "வளர்ற பிள்ளை பாய், பெரிய சைஸா வாங்கிக்குங்க, நாலு வருஷத்துக்குக் கவலையில்லை" என்றார் விற்பனையாளர். கையில் அவ்வளவு பணமில்லை என்றதும், "ஆறு மாதத் தவணை, வட்டியே கிடையாது" என்றார். வாங்கினோம். பெரிய மட்டையைத் தூக்கி வீசியதில் ஒரே மாதத்தில் பையனுக்கு மணிக்கட்டு வலி. அவன் அதிகம் ஆடியதோ தெருவில் டென்னிஸ் பந்து ஆட்டம். அதற்கு அந்த மட்டை தேவையே இல்லை. தவணை முடியுமுன்பே மட்டை பரணுக்கு ஏறிவிட்டது. உம்மா மட்டும், "தூக்க முடியாததை வாங்குனது அவனா, நீயா?" என்று ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்த "வட்டியே கிடையாது" என்பதைப் பற்றிப் பிறகுதான் விசாரித்தோம். வங்கிக் கடனில் வட்டியே இல்லை என்று சொல்லப்படும் திட்டங்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பூஜ்ய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை, அது பல சமயம் கட்டணம் என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது என்பதே அதன் சாரம். கடன் அட்டையில் இவ்வாறு வாங்கும்போது வங்கி வட்டியைக் கணக்கிட்டுத்தான் தவணை போடுகிறது. அந்தத் தொகையளவு விலையில் தள்ளுபடி தருவதனால் நமக்கு வட்டி இல்லாததுபோல் தோன்றுகிறது. அந்த வட்டியின்மேல் விழும் 18 சதவீத ஜிஎஸ்டியோ நம் தலையில்தான். மார்க்கச் சட்டப்படி இதன் நிலை என்ன என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து கொள்க. நாம் சொல்வது, கையெழுத்துப் போடுமுன் அந்தச் சீட்டை ஒருமுறை முழுதாய்ப் படியுங்கள் என்பதே.

விளையாட்டே வேண்டாம் என்று சொல்கிறோமோ என்று யாரும் எண்ண வேண்டாம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், வியர்க்க விளையாடத்தான் வேண்டும். வாங்குகிற பொருளைத் தெரிந்து வாங்கினால் போதும்.

கிரிக்கெட் மட்டையையே எடுத்துக் கொள்வோம். காஷ்மீரில் அனந்தநாக் மாவட்டத்தில் சங்கம் என்னும் ஊரைச் சுற்றிலும் மட்டைத் தொழில் நடக்கிறது. அங்கு விளையும் வில்லோ மரத்தில் செய்த மட்டை சற்றுக் கனம். விலையோ இங்கிலீஷ் வில்லோவில் ஒரு சிறு பங்குதான். கற்றுக் கொள்ளும் பிள்ளைக்கு அது தாராளமாய்ப் போதும். சிறுவர் மட்டைகளுக்கு 1 முதல் 6 வரை அளவு எண் உண்டு. அதற்கு மேலே ஹாரோ, பிறகு முழு அளவு. பிடியின் மேல்பக்கம் பிடிக்கும் ஒற்றைக் கையால் மட்டையைத் தூக்கி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கை தடுமாறினால் அது உங்கள் பிள்ளைக்கான மட்டையன்று. கால்பந்திலும் இதே கதைதான். எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை 4-ஆம் எண் பந்து, அதற்கு மேல் 5-ஆம் எண். இறகுப்பந்துக்கு வாத்து இறகு வேண்டாம். நைலான் பந்து பல நாள் உழைக்கும். ராக்கெட்டில் நரம்பு அறுந்தால் புதிது வாங்க ஓடாமல் நரம்பு மாற்றிக் கொடுக்கும் கடையைத் தேடுங்கள். காலணியில் மட்டும் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டால் போதும். இரண்டு அளவு பெரிதாய் வாங்கிப் பஞ்சு திணிப்பது சிக்கனமாகாது. பிள்ளை தடுக்கி விழும்.

பிறர் பயன்படுத்திய மட்டை, பந்து, கேரம் பலகை இவற்றை வாங்குவதில் இழிவு ஒன்றுமில்லை. அண்ணலார் தம் காலணியைத் தாமே தைத்துக் கொண்டார்கள் என்ற செய்தியை மேடையில் கேட்டு உருகுகிற நாம், நம் பிள்ளை பக்கத்து வீட்டு மட்டையைப் பிடித்தால் கூசுவது என்ன நியாயம்? ஆனால் தலைக்கவசத்தை மட்டும் பழையதாய் வாங்காதீர்கள். ஒருமுறை அடிபட்ட கவசத்தின் உள்ளே விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒரு பொருளில் மிச்சம் பிடிக்கலாகாது. கிராமத்தில் இருப்பவர்கள் ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம். 2024-ல் தமிழக அரசு கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்புகளை வழங்கியது. அவை அறையில் பூட்டிக் கிடந்தால் கேட்டு வாங்கி ஆடுவது பிள்ளைகளின் உரிமை.

மளிகைக்கு வருவோம். சிக்கனம் என்றாலே பெண்களுக்குப் பாடம் நடத்துவது நம்மவர்களின் வழக்கம். நாளொன்றுக்கு நான்கு டீயும் இரண்டு பஜ்ஜியும் வெளியே முடித்துவிட்டு வந்து, "போன மாசம் வாங்குன எண்ணெய் அதுக்குள்ள எப்படித் தீர்ந்துச்சு?" என்று கேட்கிற ஆண்கள், அந்த டீக்கணக்கையும் வீட்டு நோட்டில் ஒருமாதம் எழுதிப் பார்த்தால் நல்லது. நாம் எழுதிப் பார்த்தோம். அதற்குப் பிறகு எண்ணெயைப் பற்றிக் கேட்பதில்லை.

பெரிய பொட்டலம் வாங்கினால் மலிவு என்பது எப்போதும் உண்மையன்று. 500 கிராம் 65 ரூபாய், 200 கிராம் 24 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். முதலாவது கிராமுக்குப் 13 காசு. இரண்டாவது 12 காசு. சிறியதுதான் மலிவு. இந்தக் கணக்கைக் கடையில் நின்று போடச் சிரமமாயிருக்கிறதே என்றால், அதற்கும் வழி வந்துவிட்டது. பொட்டலத்தின் மீது மொத்த விலையோடு ஓர் அலகின் விலையையும் அச்சிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. எழுத்துச் சிறியது; கண்ணாடியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

அரிசியில் இன்னொரு செய்தி. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான முத்திரையிட்ட பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட எடையுள்ள பைக்கும், மூட்டையிலிருந்து அளந்து தரும் சில்லறை அரிசிக்கும் அது பொருந்தாது. கடைகளில் 26 கிலோ பைகள் வந்து நின்றது இதனால்தான். பெரிய குடும்பத்துக்கு அது இலாபம். நாலு பேர் உள்ள வீட்டில் வண்டு வைத்துப்போனால் மிச்சம் பிடித்த வரி வண்டுக்குத்தான் போகும்.

புளியும் மிளகாயும் பங்குனி, சித்திரையில் வாங்குவதே நம் முன்னோர் கண்ட வழி. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். இராமநாதபுரத்து முண்டு மிளகாயும் அப்போதுதான் சந்தைக்கு இறங்கும். வாங்கிக் கொட்டை நீக்கி, உப்புத் தூவி, வெயிலில் காயவைத்து மண்பானையில் அடைத்தால் ஆண்டு முழுதும் கவலையில்லை. மிளகாய், மல்லியை மில்லில் திரித்துக் கொண்டால் தூள் பாக்கெட்டின் பக்கமே போக வேண்டியதில்லை. ஒன்றுமட்டும்: பசித்த வயிற்றோடு கடைக்குப் போகாதீர்கள். அதிலும் நோன்பு வைத்துக்கொண்டு அசருக்குப் பிறகு கடைத்தெருவில் நடப்பவனுக்குக் கண்டதெல்லாம் தேவையாகவே தோன்றும்.

ஆம், ரமலானுக்குத்தான் வந்து சேர்கிறோம். உண்பதைக் குறைக்க வந்த மாதத்தில் நம் மளிகைச் சீட்டு நீண்டுபோவது ஏன்? கடை வடை ஒன்று 10 ரூபாய் என்று கொள்வோம். ஆறு பேர், ஆளுக்கு இரண்டு. நாளொன்றுக்கு 120 ரூபாய். முப்பது நோன்புக்கு 3,600. இது வடை மட்டும். சமோசா, சர்பத், பழக்கலவை கணக்கில் வரவில்லை. கால் கிலோ கடலைப் பருப்பை ஊறவைத்து அரைத்தால் ஏறக்குறைய இருபது வடை தட்டலாம். ஆனால் அடுப்படியில் நிற்கிறவரும் நோன்பாளி என்பதை மறந்துவிட்டு, "வீட்லயே செஞ்சுடு" என்று ஆணையிடுவதும் தவறு. பருப்பை அரைத்துக் கொடுக்கவும், வெங்காயம் நறுக்கவும் ஆண்பிள்ளைகளுக்குக் கை இருக்கிறது. நாளும் வடை வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பள்ளிவாசல் கஞ்சியும் இரண்டு பேரீச்சம் பழமும் இருக்கும்போது வாரம் இரண்டு நாள் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தால் நோன்புக்கு ஒரு குறையும் வராது.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதைச் சிலர் சிக்கனம் என்கின்றனர். அதன் கேட்டை அறிந்தே, எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் உணவகங்கள் அதைப் பயன்படுத்தலாகாது என்று 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. வீட்டில் அளந்து பார்க்கக் கருவி இல்லை. கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்தால் கொட்டிவிட வேண்டியதுதான். சட்டியில் குறைவாக ஊற்றுவதே மிச்சம் பிடிக்கும் வழி.

வீட்டில் செய்தால் எல்லாமே மலிவு என்றும் சொல்ல மாட்டோம். கீழக்கரைத் தொதல் நமக்கும் உயிர்தான். ஆனால் தேங்காய்ப்பாலும் மாவும் சர்க்கரையும் திரண்டு எண்ணெய் கக்கும்வரை மணிக்கணக்கில் கிண்டுவதற்கு எரியும் கேஸைக் கணக்குப் பார்த்தால் கடைத் தொதலே இலாபம். நாலு வீட்டார் சேர்ந்து கொல்லையில் விறகடுப்பு மூட்டினால் அது வேறு விஷயம். அதில் கிடைக்கும் பேச்சுக்கும் சிரிப்புக்கும் விலை போட முடியாது.

பிள்ளைகளின் நாள்தோறும் தின்பண்டத்துக்குக் கடலை மிட்டாயே நம் தேர்வு. வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை இரண்டு கப், பொடித்த வெல்லம் ஒரு கப். வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி அடுப்பில் வையுங்கள். பாகு கொதித்து இறுகும்போது ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் பல்லில் ஒட்டும். பின்னால் இறக்கினால் கசக்கும். கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, சூடு ஆறுமுன் குழவியால் உருட்டி வில்லை போடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் இருக்கும். இருக்கும் என்று எழுதுகிறோமே தவிர நம் வீட்டில் மூன்று நாளைத் தாண்டியதில்லை.

பெருநாள் செலவுக்கு உண்டியல் வைக்கிறவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். சம்பளம் வருவது ஆங்கில மாதத்தில். பெருநாள் வருவது பிறைக் கணக்கில். பிறை ஆண்டுக்கு 354 நாள்தான். ஆண்டுதோறும் பெருநாள் பத்துப் பதினொரு நாள் முன்னே வந்து நிற்கும். 2030-ஆம் ஆண்டில் ரமலான் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் மற்றொன்றுமாக இரண்டு முறை தொடங்கும். ஆகவே பன்னிரண்டு சம்பளத்துக்குப் பங்கிடாமல் பதினொன்றுக்குப் பங்கிட்டுப் போட்டுவாருங்கள். அந்த உண்டியலின் பக்கத்திலேயே தர்மத்துக்கு ஒரு சிறிய உண்டியலும் இருக்கட்டும். வீட்டுவேலைக்கு வரும் அம்மாவின் கூலியிலும், வாசலில் வந்து நிற்கும் ஏழையின் பங்கிலும் சிக்கனத்தைத் தொடங்குகிறவர் முன்னே சொன்ன கஞ்சர் வரிசையில் போய்ச் சேர்ந்துவிடுவார்.

பரணில் கிடந்த மட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு நம் தெரு மதரஸாவில் ஒரு தகரப் பெட்டி வைத்தோம். பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன காலணி, ஆடாத ராக்கெட், காற்றிறங்கிய பந்து எல்லாவற்றையும் அதில் போடலாம். வேண்டியதை எடுத்துக் கொள்ளலாம். நோட்டில் பெயர் எழுதினால் போதும். முதல் பொருளாக நம் மட்டையைப் போட்டோம். பதினாறு வயதுப் பையன் ஒருவன் எடுத்துப் போனான். அவனுக்குப் பிறகு இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது. பிடியின் ரப்பர் மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள்.