ஆற்றின் தலைமாட்டுக்கு இரண்டு நாள்

கோலசிலாங்கூர் மெலாவத்திக் குன்றில், 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் பக்கம் நின்று பார்த்தால் சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடம் தெரியும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஆறு என்றால் இந்தக் கலங்கிய, அகன்ற, மெதுவான ஆறுதான். இதே ஆறு கோல குபு பாருவுக்கு மேலே, அடியில் கிடக்கும் கல்லை எண்ணிவிடலாம் என்கிற தெளிவில் ஓடுகிறது. அங்கே ஓர் ஏரி. ஏரிக்கு அப்பால் 1,053 மீட்டர் உயரத்தில் புக்கிட் குத்து. சனிக்கிழமை காலை கிளம்பினால் இரண்டையும் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு வீட்டில் இருக்கலாம். நம் ஆறு எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறையாவது நாம் போய்ப் பார்த்துவர வேண்டும் என்பது என் ஆசை.

முதல் வேலை அனுமதி. மலை வனக்காப்புப் பகுதிக்குள் இருக்கிறது. சிலாங்கூர் வனத்துறையில் அனுமதி வாங்க வேண்டும். உரிமம் பெற்ற வழிகாட்டி, அதாவது மலிம் குனுங், கூட வர வேண்டும். ஒரு மாதம் முன்பே வழிகாட்டியைப் பிடித்துவிட்டால் விண்ணப்ப வேலையிலும் அவர் உதவுவார். கிளம்பும் வாரத்தில் தடம் திறந்திருக்கிறதா என்று மறுபடியும் கேளுங்கள். கனமழைக்குப் பிறகு மூடிவிடுவது உண்டு. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் தவறாமல் இடியும் மழையுமாக இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கால்களைப் பழக்குங்கள். இதற்கு மெலாவத்திக் குன்றே போதும். முதுகுப்பையில் 6 கிலோ அரிசியோ தண்ணீர்ப் போத்தல்களோ வைத்துக்கொண்டு, ஏறி இறங்கி மறுபடி ஏறுங்கள். மூன்று வார இறுதிகள் அப்படிச் செய்தால் பை எங்கே அழுத்துகிறது, எந்த வார் தோளை அறுக்கிறது என்று தெரிந்துவிடும். மலையில் தெரிந்து பயனில்லை.

காலணிக்குப் பெரிய செலவு வேண்டாம். பால்மரம் வெட்டப் போனவர்கள் போட்ட கறுப்பு ரப்பர் சப்பாத்து, இன்று எல்லாரும் ‘அடிடாஸ் கம்போங்’ என்று சொல்வது, இந்தத் தடத்துக்கு மிகப் பொருத்தம். அடியில் முட்டு முட்டாக இருப்பதால் சேற்றில் பிடிக்கும். ஆற்றில் இறங்கினாலும் தண்ணீரை உறிஞ்சிக் கனக்காது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனிபடிந்த மேட்டிலும் சரிவிலும் நாள்தோறும் நடந்தவர்கள் கண்டுகொண்ட காலணி அது. நான் முதல்முறை போனபோது புதிதாக வாங்கிய கனத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு போய், இறங்கும்போது இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டது. ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். தடித்த காலுறை போடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பையில் வேறென்ன? கூடாரம், ஒரு போர்வை, மழைச்சட்டை, தலைவிளக்கு, சின்ன கேஸ் அடுப்பு, மாற்றுத்துணி இரண்டு பிளாஸ்டிக் பைக்குள். மருந்துப் பையில் கட்டுத்துணி, காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்குக்கான உப்புத்தூள். சாப்பாட்டில் புளிச்சாதத்துக்கு ஈடில்லை. காலையில் கிளறியது இரவுவரை கெடாது. நெத்திலிச் சம்பலை வற்ற வதக்கி ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டால் போதும்.

சனிக்கிழமை 8 மணிக்குக் கிளம்புங்கள். ஈஜோக்கில் லாத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்து ரவாங் பக்கம் வந்து, பழைய சாலையில் செரண்டா, பத்தாங் காலி, ராசா வழியாகக் கோல குபு பாரு. கார் இல்லாதவர்கள் ரவாங்கிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வரலாம். நிலையம் ஊரைவிட்டுத் தள்ளியிருக்கிறது, வாடகைக் காருக்குச் சொல்லிவைக்க வேண்டும். ஊரில் ஆற அமரச் சாப்பிடுங்கள். ‘பாரு’ என்றால் புதியது. பழைய கோல குபுவின் அணை 1883-இல் உடைந்து ஊரை அடித்துக்கொண்டு போனது. பிறகும் மண்ணும் வெள்ளமும் விடாமல் துரத்த, ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். பக்கத்தில் இன்றும் அம்பாங் பெச்சா என்று ஓர் இடம் இருக்கிறது. உடைந்த அணை என்று பொருள்.

அங்கிருந்து பிரேசர் மலைச் சாலையில் ஏறினால் சிறிது நேரத்தில் சிலாங்கூர் அணையின் ஏரி. இங்கே ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் பெரும்பங்கு இந்த ஆற்றினுடையது. அதனால் ஏரியில் இறங்கவோ குளிக்கவோ கூடாது. இந்தத் தண்ணீருக்காகத் தெமுவான் பூர்வகுடி மக்களின் கெராச்சி, பெர்த்தாக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. மலையேறும் தடம் தொடங்குவது இன்றைய பெர்த்தாக் கிராமத்தில். வீட்டு வாசல்களைக் கடந்துதான் போவீர்கள். தோட்டத்தை விற்றதும் லயத்தைக் காலி செய்து வந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. அந்த வலி தெரிந்தவர்களாய் அங்கே நடந்துகொள்ளுங்கள். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். வண்டி நிறுத்த அவர்கள் கேட்கும் பணத்துக்குப் பேரம் பேச வேண்டாம்.

இரவுத் தங்கல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலை, இதே உலு சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் காலி முகாம் ஒன்றின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்துபோனார்கள், குழந்தைகளும் சேர்த்து. உரிமம் உள்ள முகாமா என்று கேளுங்கள். சரிவின் அடியில் கூடாரம் போடாதீர்கள். ஆற்றோரமும் வேண்டாம், தண்ணீர் சத்தம் கேட்கிற தூரம் போதும்.

ஆற்றைப் பற்றி இன்னொன்று. இங்கே வெயில் அடிக்கும்போதே மலையுச்சியில் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் ஒரே சுவராக இறங்கும். மலாயில் இதற்கு ‘கெப்பாலா ஆயர்’ என்று பெயர். ஒருநாள் மாலை பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தேன். தெளிந்த தண்ணீரில் முதலில் நாலைந்து மூங்கில் இலைகள் வந்தன, பிறகு சுள்ளிகள், பிறகு தண்ணீர் தேநீர் நிறமானது. கூட இருந்த வழிகாட்டி சட்டையைப் பிடித்து மேலே இழுத்தார். சற்று நேரத்தில் நான் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம். இலை மிதந்து வந்தாலோ நிறம் மாறினாலோ பையை, சப்பாத்தை எடுக்கத் திரும்பாதீர்கள். கரையேறுங்கள்.

ஞாயிறு 7.30-க்கு நடை. கூடாரத்தைக் காரில் வைத்துவிட்டு, ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீரோடு கிளம்புங்கள். மேல்பாதியில் ஓடையை நம்ப முடியாது. முதலில் ஆறு, பிறகு மூங்கில் காடு, பிறகு வேரைப் பிடித்து ஏறும் செங்குத்து. ஏற 3 முதல் 4 மணி நேரம். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், எல்லாரும் அவர் வேகத்தில் போகட்டும். அட்டை கடித்தால் பதறிப் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பிவிடுங்கள். காலுறையில் சவர்க்காரம் தேய்த்து வைத்தால் பாதி ஏறாது.

உச்சிக்குச் சற்று முன் காட்டுக்குள் ஒரு புகைபோக்கி தனியாக நிற்கும். சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டிரீச்சர் 1893-இல் இங்கே ஓய்விடம் ஏற்படுத்தினார். பங்களா போய் இந்தப் புகைபோக்கிதான் மிச்சம். இந்த உயரத்துக்கு அந்தச் செங்கல்லைச் சுமந்து ஏறியவர்களின் முதுகை நினைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் அங்கே நிற்பேன். உச்சிப் பாறைமேல் ஏணி உறுதியாக இருக்கிறதென்று வழிகாட்டி சொன்னால் மட்டும் ஏறுங்கள்.

12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள், உச்சி பத்து நிமிடத் தூரத்தில் இருந்தாலும். கொண்டுபோன குப்பை அத்தனையும் பையில் திரும்பி வரட்டும். கீழே வந்ததும் ஓட்டுநரை ஒரு மணி நேரம் தூங்கவிடுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ கடுமையாக வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

வழியில் மழை இல்லையென்றால், வீட்டுக்குப் போகுமுன் கம்போங் குவாந்தானில் நிறுத்துங்கள். துடுப்புப் படகில் உட்கார்ந்தால் காலுக்கும் ஓய்வு. காலையில் மூங்கிலுக்கடியில் தாண்டிய தண்ணீர் போய்ச் சேரும் ஆறு இதுதான். கைபேசியை அணைத்து வையுங்கள். பெரெம்பாங் மரங்களில் மின்மினி தெரிய, கண்ணுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.