ரிக் வண்டியில் ஒரு முனைவர் பட்டம்

கேள்வி: தமிழ் எம்.ஏ. முடித்தவள். வரலாறு, சமூகம், மொழி மூன்றையும் சேர்த்துக் கொங்கு நாட்டைப் பற்றி பிஎச்.டி. செய்யலாமா?
– வாசகி, ராசிபுரம்

பதில்: தாராளமாக. ஆக்ஸ்போர்டு மாணவி பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, சாதி, கோயில், நாட்டார் காவியமான அண்ணன்மார் கதை என எல்லாவற்றையும் சேர்த்தே ஆராய்ந்தார். உங்களுக்குப் பேச்சுமொழி கைவசம் இருக்கிறது. அவர் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் கொங்கு முழுவதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டியை எடுங்களேன்: வெளிமாநிலங்களுக்குப் போர்வெல் போடப் போகிறதே, அதற்குள் கடன், சாதி, கூலி, நிலத்தடி நீர், தொழிற்சொற்கள் அத்தனையும் இருக்கின்றன. பழைய சேலம் மாவட்ட வரலாற்றுக்கு, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பாரமகால் ஆவணங்கள் இருக்கின்றன. சொற்களுக்கு எழுத்தாளர் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி. ஒன்று மட்டும்: பிஎச்.டி. பதிவு பெரும்பாலும் ஒரே துறையில்தான். ஆகவே தலைப்புக்கு முன் நல்ல நெறியாளரைத் தேடுங்கள். வேறு துறைப் பேராசிரியர் ஒருவரை ஆய்வுக் குழுவில் கேட்டு வாங்குங்கள்.