மேக்கப் ஷெல்ஃப்ல தூங்குற காசு: கம்பெனி ஸ்டோர் மாதிரி அடுக்கினா மாசம் எவ்வளவு மிச்சம்?

இன்னைக்கு நம்ம பார்க்கப் போறது பங்குச் சந்தையோ, சீட்டோ, தங்கமோ இல்ல. உங்க வீட்டு முகம் பார்க்குற கண்ணாடிக்குக் கீழ இருக்குற ஷெல்ஃப். கிரீம், பவுடர், லிப்ஸ்டிக், சீரம்னு அடுக்கி வச்சிருக்கீங்கல்ல, அந்த ஷெல்ஃப்ல எவ்வளவு பணம் சும்மா நிக்குதுன்னு கணக்கு போடப் போறோம்.

ஆரணியில இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை சிப்காட்டுக்கு வேலைக்குப் போறவங்களுக்காகவே இந்தப் பாடம். (பட்டுச்சேலை ஆரணி இல்லங்க, பெரியபாளையம் பக்கத்துல ஆரணியாத்து ஓரம் இருக்குற நம்ம திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி.) ஏன்னா, இதுக்குத் தேவையான முறை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கம்பெனி சுவத்துல "5எஸ்" போர்டு பார்த்திருப்பீங்க. ஜப்பான்ல இருந்து வந்த அந்த முறையில அஞ்சு படி இருக்கு: பிரி, அடுக்கு, துடை, விதி போடு, பழக்கமாக்கு. ஸ்டோர் ரூமுக்குச் செய்யுற அதே வேலையை வீட்டு ஷெல்ஃபுக்கும் செய்யலாம்.

முக்கியமான ஒண்ணு: இப்பவே ஆர்கனைசர் டப்பா வாங்காதீங்க. கணக்கு எடுக்கறதுக்கு முன்னாடி டப்பா வாங்கினா, குப்பைக்கு வீடு கட்டின மாதிரிதான்.

படி 1: பிரி

ஷெல்ஃப், ஹேண்ட்பேக், பாத்ரூம், பீரோ கீழ்த்தட்டு எல்லாத்துலயும் இருக்கறதை ஒரு பழைய பெட்ஷீட் மேல கொட்டுங்க. அஞ்சு குவியலாப் பிரிங்க. ஒவ்வொண்ணுக்கும் வாங்கின விலையை ஒரு நோட்டுல எழுதுங்க.

கணக்குக்காக ஒரு ஷெல்ஃபைக் கற்பனை பண்ணிக்குவோம். மொத்தம் 25 பொருள்.

- தினமும் தொடுறது: 7 பொருள், ₹1,600
- கல்யாணம், விசேஷத்துக்கு மட்டும்: 7 பொருள், ₹1,440
- திறந்தாச்சு, ஆனா 3 மாசமாத் தொடலை: 4 பொருள், ₹1,400
- சீல் உடைக்காத டூப்ளிகேட்: 4 பொருள், ₹850
- தேதி முடிஞ்சது: 3 பொருள், ₹1,000

மொத்தம் ₹6,290. இதுல மூணாவது குவியலும் அஞ்சாவது குவியலும் சேர்த்தா ₹2,400. அதாவது நூறு ரூபாயில 38 ரூபாய் முகத்துக்கும் போகல, பேங்குக்கும் போகல. கம்பெனியில இதைத்தான் "ரெட் டேக்" போட்டு ஓரமா வைப்பாங்க. நீங்களும் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டுத் தனியா வைங்க.

தேதி எங்க பார்க்கறது? இந்தியாவுல விக்கிற அழகுப் பொருள் பேக்ல தயாரிச்ச மாசம், பயன்படுத்த வேண்டிய கடைசி மாசம், பேட்ச் நம்பர், தயாரிச்சவங்க முகவரி, லைசென்ஸ் நம்பர் எல்லாம் இருக்கணும். இதுல பலதையும் அழகுப் பொருள் விதிகள் 2020 கட்டாயமாக்கி இருக்கு. கூடவே பல பேக்ல மூடி திறந்த சின்ன டப்பா படம் ஒண்ணு இருக்கும், உள்ள "6 எம்", "12 எம்"னு போட்டிருக்கும். திறந்த நாள்ல இருந்து அத்தனை மாசம்தான்னு அர்த்தம். கடைசி தேதி, திறந்த பிறகு உள்ள கணக்கு, ரெண்டுல எது முதல்ல வருதோ அதுதான் செல்லும்.

லேபிளே இல்லாத "ஏழு நாள்ல கலர்" கிரீம் இருந்தா, அது ரெட் டேக் கூட இல்ல, உடனே நிறுத்த வேண்டியது. மலப்புரம் மாவட்டத்துல வெள்ளையாக்குற கிரீம் பூசின சிலருக்குக் கிட்னி பாதிப்பு வந்து, பாதரசம்தான் காரணம்னு டாக்டருங்க சந்தேகப்பட்டது 2023-ல பெரிய செய்தியாச்சு. அதே வருஷம் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை "ஆபரேஷன் சௌந்தர்யா"ன்னு கடை கடையா சோதனை போட்டுச்சு. 150 ரூபாய் கிரீம் மிச்சம் பண்ற மாதிரி தெரியும், ஆஸ்பத்திரி பில் வந்தா மொத்த சேமிப்பும் காலி. பூசிட்டு இருக்கறவங்க நிறுத்திட்டு ஒரு டாக்டரைப் பாருங்க.

படி 2: அடுக்கு

ஸ்டோர்ல வேலை பார்க்கறவங்களுக்கு இது தெரியும்: எது முதல்ல காலாவதி ஆகுதோ அது முன்னாடி. வாங்கின வரிசை முக்கியம் இல்ல, முடியற வரிசைதான் முக்கியம்.

- கண் மட்டத்துத் தட்டு: தினமும் தொடுற ஏழு மட்டும். ஒரு வகைக்கு ஒண்ணுதான். ரெண்டு ஃபேஸ்வாஷ் ஒரே நேரத்துல திறந்திருக்கக் கூடாது.
- மேல் தட்டு: விசேஷ சாமான். ஒரு ஸ்வீட் பாக்ஸுக்குள்ள போதும்.
- கீழ்த்தட்டு: சீல் உடைக்காதது. இதுதான் உங்க "ஸ்டாக்". கடைசி மாசம் முன்னாடி தெரியுற மாதிரி வைங்க.
- ஷெல்ஃபுக்கு வெளிய ஒரு டப்பா: "முடிச்சே ஆகணும்" டப்பா. திறந்து தொடாம விட்ட நாலும் இங்க.

கடைசி டப்பாவுக்கு 60 நாள் கெடு குடுங்க. நைட் கிரீம் முகத்துக்குப் பிடிக்கலையா, தேதி இருந்தா கால் பாதத்துக்குப் பூசி முடிங்க. அரிப்பு, எரிச்சல் குடுத்ததுன்னா முடிக்கணும்னு பிடிவாதம் வேண்டாம், தூக்கிப் போடுங்க. "காசு குடுத்து வாங்கினோமே"ன்னு மனசு அடிச்சுக்கும். போன காசு போனதுதான். அதுக்காகத் தோலையும் சேர்த்துக் குடுக்க முடியாது.

பேனா, பென்சில், பிரஷ் நிக்க வைக்க டீ டம்ளர் போதும். தட்டு பிரிக்க செருப்பு டப்பா மூடி போதும். ஆர்கனைசருக்குச் செலவு: ₹0.

படி 3: துடை

நம்ம ஊர் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து கிரீமைச் சீக்கிரம் கெடுக்கும். ஜன்னல் வெயில் நேரா விழுற இடம், பாத்ரூம் ஈரம், வண்டி டிக்கி மூணும் வேண்டாம். வைட்டமின் சி சீரம் வெளிச்சம், சூடு, காத்து பட்டா பழுப்பாகும். பழுப்பானா அதுக்குக் குடுத்த காசும் பழுப்புதான். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அவசரத்துல மூடியை அரைகுறையா விடாதீங்க. வாரம் ஒரு தடவை தட்டைத் துடைங்க, பிரஷ், ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணியில அலசி நல்லா காய வைங்க. மஸ்காரா, காஜலை அக்கா தங்கச்சியோட கூடப் பகிர வேண்டாம். கண்ணுல தொத்து வந்தா டாக்டர் ஃபீஸ் அந்தக் காஜல் விலையைத் தாண்டிடும்.

படி 4: விதி போடு

இங்கதான் நிஜமான பணம் இருக்கு. மூணு விதி.

முதல் விதி: திறக்கிற அன்னைக்கே தேதி எழுதுங்க. ஒரு துண்டு பேப்பர் டேப், ஒரு பேனா. "திறந்தது: ஜூன் 4". முடியறப்ப எத்தனை நாள் ஓடுச்சுன்னு நோட்டுல எழுதுங்க. உதாரணமா ₹399-க்கு 50 கிராம் சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்குச் சுமார் 1 கிராம் வேணும். அப்போ 50 நாள், ஒரு நாளைக்கு ₹8. அதே டியூப் உங்ககிட்ட ஆறு மாசம் ஓடுச்சுன்னா அது சிக்கனம் இல்ல, போதுமான அளவு பூசலன்னு அர்த்தம். மாறா, ₹299 லிப்ஸ்டிக் 150 நாள் போட்டா ஒரு நாளைக்கு ₹2 தான். விலை அதிகம் எது, கம்மி எதுன்னு இந்தக் கணக்குதான் சொல்லும்.

ரெண்டாவது விதி: மில்லி விலையைப் பாருங்க, ஆனா அதோட நிக்காதீங்க. இப்போ பேக்லயே ஒரு மில்லி, ஒரு கிராம் என்ன விலைன்னு போட்டிருக்கும். 10 மில்லி சீரம் ₹250, அதாவது மில்லி ₹25. 30 மில்லி ₹600, மில்லி ₹20. பெருசுதான் லாபம்னு தோணும். ஆனா பழுப்பாகறதுக்குள்ள நீங்க 12 மில்லிதான் பூசினீங்கன்னா, 600-ஐ 12-ஆல வகுங்க: மில்லி ₹50! பாட்டில்ல இருக்கற மில்லியால வகுக்கக் கூடாது, நீங்க பூசின மில்லியாலதான் வகுக்கணும். இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

சின்ன பேக்கோட அருமையை நாட்டுக்குக் காட்டினதே நம்ம கடலூர்தான். சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவை சாஷேயில அடைச்சார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல தனியா ஆரம்பிச்சு சிக் ஷாம்பூவை ஊர் ஊராக் கொண்டு போனார். இன்னைக்கும் சில ஷாம்பூவுக்கு சாஷேயோட மில்லி விலை பாட்டிலை விடக் கம்மியா இருக்கும். கடையில நின்னு வகுத்துப் பாருங்க. புதுசா ஒண்ணை முயற்சி பண்றப்ப எப்பவும் சின்ன பேக்தான்.

மூணாவது விதி: தீர்ந்தா வாங்கு, தோணினா வாங்காதே. தினசரிப் பொருள் கால்வாசிக்கு வந்தா மட்டும் அடுத்தது. கீழ்த்தட்டுல ஒரு வகைக்கு ஒண்ணு இருந்தா, அந்த வகை ஆஃபர் உங்களுக்கு இல்ல. ஃப்ரீ டெலிவரி வலையையும் கவனிங்க. கார்ட்ல ₹349 இருக்கு, ₹499-க்கு மேல டெலிவரி ஃப்ரீ, இல்லன்னா ₹60. அந்த 60-க்காக ₹180 லிப் கிளாஸ் சேர்த்தா, கையில இருந்து கூடுதலாப் போறது ₹120. தீபாவளி போனஸ் வர்ற வாரம் இந்த வலை இன்னும் பெருசா விரியும்.

இன்னொண்ணு: 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஷாம்பூ, தலைக்கு எண்ணெய், முகப் பவுடர், டால்கம் பவுடருக்கு ஜிஎஸ்டி 18-ல இருந்து 5 சதவீதம் ஆச்சு. லிப்ஸ்டிக், ஃபேஸ் கிரீமுக்கு 18 சதவீதம்தான். "வரி குறைஞ்சுடுச்சு"ன்னு எல்லாத்தையும் அள்ளாதீங்க.

படி 5: பழக்கமாக்கு

சம்பளம் ஏறின முதல் ஞாயித்துக்கிழமை, பத்து நிமிஷம். மூணே கேள்வி:

1. இந்த மாசம் எது தேதி முடியுது?
2. "முடிச்சே ஆகணும்" டப்பாவுல எத்தனை குறைஞ்சுது?
3. போன மாசம் வாங்கினதுல எது இன்னும் சீலோட இருக்கு?

மூணாவது கேள்விக்குப் பதில் ஒண்ணுக்கு மேல வந்தா, இந்த மாசம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சரி, மிச்சம் எவ்வளவு?

நம்ம உதாரணத்துல வீணான ₹2,400 ஒரு வருஷத்துல வாங்கினதுன்னு வச்சுக்குவோம். மாசம் ₹200. அதை போஸ்ட் ஆஃபீஸ் ஆர்டியில போடுங்க, அங்க மாசம் ₹100-ல இருந்தே ஆரம்பிக்கலாம். 5 வருஷத்துல நீங்க போடுறது ₹12,000. வட்டி 6.7 சதவீதம்னு வச்சா முதிர்வுல சுமார் ₹14,270 கைக்கு வரும். சேருற நாள் வட்டி என்னன்னு கவுன்டர்ல கேட்டுக்கோங்க.

இதுல மேக்கப் போடாதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. எட்டு மணி நேரம் லைன்ல நின்னு சம்பாதிக்கறவங்க தனக்குப் பிடிச்ச ஒரு லிப்ஸ்டிக் வாங்கறதுக்கு யார்கிட்டயும் கணக்கு சொல்ல வேண்டியதில்ல. வாங்கினதை நீங்களே போட்டு முடிக்கணும், அவ்வளவுதான். தேதி முடிஞ்சு குப்பைக்குப் போற கிரீம் உங்க ஓவர்டைம் காசு.

இந்த ஞாயித்துக்கிழமை வேலை: ஒரு பெட்ஷீட், ஒரு நோட்டு, ஒரு பேனா. முதல் படி மட்டும் முடிங்க. மூணாவது குவியலையும் அஞ்சாவது குவியலையும் கூட்டி, 12-ஆல வகுங்க. வர்ற தொகைதான் உங்க ஆர்டி. அடுத்த பாடத்துல இதே முறையில சமையலறை மளிகைத் தட்டைப் பார்ப்போம்.